ரேஸ் ட்ராக் செட்டிங்கை நம்ம ஊர் ரோட்டில் ஓட்டலாமா? டயர் காற்று, வீல் அலைன்மென்ட்டில் எங்கே சறுக்குகிறோம்?

"ட்ராக்ல ஓட்டுறவங்க டயர்ல காத்து கம்மியாத்தான் வெப்பாங்க. அப்பதான் ரோட்டை கெட்டியா பிடிக்கும்."

ரீல்ஸ் பார்க்கும் எல்லோருக்கும் இந்த வசனம் இப்போது மனப்பாடம். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடந்தது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் போட்டியில் அஜித்குமாரின் அணி 992 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் கார் ரேஸ் என்பது கோவை, சென்னைக்காரர்கள் மட்டும் பேசும் விஷயமாக இல்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து அலைன்மென்ட் கடை வரைக்கும் "கேம்பர்", "டோ" என்ற வார்த்தைகள் வந்துவிட்டன.

ரேஸ் மேல் ஆர்வம் வருவதில் தப்பே இல்லை. ஆனால் அந்த வசனத்தில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி தெரியாமல் தேசிய நெடுஞ்சாலை 744-ல் குடும்பத்தோடு கிளம்பினால், அது உயிரோடு விளையாடுவது.

ட்ராக்கில் ஏன் காற்றைக் குறைக்கிறார்கள்?

முதலில் ஒரு கணக்கு. டயருக்குள் இருக்கும் காற்று சூடானால் அழுத்தம் ஏறும். கார் டயரில் 10 டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடினால், ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ அழுத்தம் கூடும். இதை யாரும் மாற்ற முடியாது, பள்ளிக்கூடத்தில் படித்த வாயு விதிதான்.

காலையில் 30 டிகிரியில் 33 பிஎஸ்ஐ அடிக்கிறீர்கள். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடி டயருக்குள் 60 டிகிரி ஆனால், அதே காற்று 37, 38 பிஎஸ்ஐ காட்டும். கார் நிறுவனம் இதைக் கணக்கில் வைத்துத்தான் 33 என்று கதவோரம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அந்த ஸ்டிக்கரில் இருப்பது டயர் ஆறியிருக்கும்போது இருக்க வேண்டிய அளவு.

ட்ராக்கில் கதை வேறு. ஒவ்வொரு வளைவிலும் கடைசி நொடியில் பிரேக், முழுத் திருப்பம், திரும்ப முழு ஆக்ஸிலேட்டர். சில சுற்றுகளிலேயே டயர் 80 டிகிரியைத் தாண்டிவிடும். 33-ல் ஆரம்பித்தால் அழுத்தம் 40-ஐத் தொட்டுவிடும். டயர் நடுவில் புடைத்து, ஓரங்கள் தரையை விட்டுத் தூக்கிக்கொள்ளும், பிடிமானம் போய்விடும்.

அதனால் ட்ராக் ஓட்டுநர் பின்னாலிருந்து கணக்குப் போடுகிறார். "சூடான பிறகு எனக்கு 34 வேண்டும்" என்று முடிவு செய்கிறார். 80 டிகிரியில் 34 வேண்டுமென்றால், 30 டிகிரியில் 27 வைத்து ஆரம்பிக்க வேண்டும். நாம் வெளியிலிருந்து பார்ப்பது அந்த 27-ஐ மட்டும். அவர் ஓட்டுவது 34-ல்.

அவ்வளவுதான் மேட்டர். ட்ராக்கில் ஓடும் டயரில் காற்று கம்மி இல்லை, சூடாவதற்கு முன்னால் மட்டும்தான் கம்மி.

இன்னொன்றும் உண்டு. நாலைந்து சுற்று ஓடியதும் பிட்டுக்கு வந்து காற்றை அளப்பார்கள். டயரின் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று இடத்தில் வெப்பம் பார்ப்பார்கள். நடுப்பகுதி மட்டும் அதிகம் சுட்டால் காற்று ஜாஸ்தி, இரண்டு ஓரமும் சுட்டால் காற்று கம்மி, உள் ஓரம் மட்டும் ரொம்பச் சுட்டால் கேம்பர் அதிகம். ராஜபாளையத்தில் கிளம்பி மதுரை மாட்டுத்தாவணி வரைக்கும் போகிற நம்மில் எத்தனை பேர் நடுவில் நிறுத்தி டயரைத் தொட்டுப் பார்க்கிறோம்?

ஃபார்முலா 1-ல் காற்றைக் குறைக்க விடுவதில்லை

ரேஸ் என்றாலே காற்றைக் குறைப்பது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். ஃபார்முலா 1-ல் டயர் தரும் பைரெல்லி நிறுவனம் குறைந்தபட்ச அழுத்தம் இவ்வளவு என்று ஒவ்வொரு பந்தயத்துக்கும் எழுதிக் கொடுக்கும். அதற்குக் கீழே போகக் கூடாது. அணிகள் குறைக்கத்தான் ஆசைப்படும், டயர் நிறுவனம் விடாது.

2015-ல் இத்தாலியின் மோன்சாவில் பெரிய பஞ்சாயத்தே நடந்தது. ஜெயித்த ஹாமில்டனின் காரில் இடது பின் டயர் குறிப்பிட்ட அளவைவிட 0.3 பிஎஸ்ஐ குறைவு, சக வீரர் ராஸ்பெர்க் காரில் 1.1 பிஎஸ்ஐ குறைவு. பந்தயம் முடிந்து மணிக்கணக்கில் விசாரணை. டயரை மாட்டும்போது அளவு சரியாக இருந்தது, பிறகு சூடேற்றும் போர்வையின் இணைப்பு துண்டிக்கப்பட்டதால் டயர் ஆறி அழுத்தம் இறங்கியது என்று சொல்லி நடவடிக்கை இல்லாமல் விட்டார்கள். 0.3 பிஎஸ்ஐ-க்கு அங்கே விசாரணை. நம்ம ஊரில் ஆறு, ஏழு பிஎஸ்ஐ குறைந்திருந்தாலும் "ஓடுதுல்ல, ஓட்டு" என்கிறோம்.

ஏன் இவ்வளவு கறார்? காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிகமாக மடங்கி நிமிரும். ஒரு கம்பியை அங்கேயும் இங்கேயும் வளைத்துக்கொண்டே இருந்தால் சூடாகி முறிகிற மாதிரி, உள்ளே இருக்கும் நூல் அடுக்குகள் சூடாகிப் பிரியும். வேகம் கூடினால் டயரின் மேல் அலை அலையாக நெளிவு எழும். அதன் பிறகு வெடிக்க நேரம் ஆகாது.

2023 அக்டோபர் 8 கத்தார் பந்தயத்தில், வளைவு ஓரங்களில் இருந்த கூரான மேடுகளில் ஏறி இறங்கியதால் பக்கச்சுவருக்குள் பிரிவு வரத் தொடங்கியது தெரிந்தது. ஒரு செட் டயர் 18 சுற்றுக்கு மேல் ஓடக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். நம்ம ஊர் வேகத்தடையும் மழைக்குப் பிறகு தோன்றும் பள்ளமும் செய்கிற வேலை அதேதான். ஒரு வித்தியாசம், நமக்கு 18 சுற்று என்று சொல்ல ஆள் கிடையாது. டயரின் பக்கவாட்டில் கொப்புளம் மாதிரி ஒரு வீக்கம் தெரிந்தால் அதுதான் நமக்கு வருகிற உத்தரவு. அந்த டயரை மாற்றியாக வேண்டும். பங்க்சர் போட்டுச் சரிசெய்யும் விஷயம் இல்லை அது.

"வெயில் காலம், காத்தைக் குறைச்சு வை"

இது ரீல்ஸ் வருவதற்கு முன்பே நம்ம பக்கம் இருக்கும் நம்பிக்கை. விருதுநகர் மாவட்டத்து வெயிலில் டயர் வெடித்துவிடும், அதனால் நாலு பிஎஸ்ஐ கம்மி பண்ணு என்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். நடப்பது நேர் எதிர்.

சரியான அளவில் இருக்கும் டயர் சூட்டில் நாலைந்து பிஎஸ்ஐ ஏறுவதால் வெடிப்பதில்லை. அதற்கும் மேலே தாங்குகிற மாதிரிதான் டயரைச் செய்கிறார்கள். காற்று குறைந்த டயர்தான் அதிகமாக மடங்கி, அதிகமாகச் சூடாகி, வெடிக்கிறது. ஏற்கெனவே வெட்டுப்பட்டதோ, வயதானதோ என்றால் இன்னும் சீக்கிரம்.

இதைவிடச் சத்தமில்லாமல் நடக்கும் தப்பு ஒன்று இருக்கிறது. வண்டி ஓடி வந்து, டயர் சூடாக இருக்கும்போது பங்கில் காற்று பார்ப்பது. மீட்டர் 38 காட்டும். "ஐயோ, ஜாஸ்தி" என்று 33-க்கு இறக்கச் சொல்வோம். இரவு வண்டி நின்று ஆறியதும் அது 28, 29-க்கு வந்துவிடும். மறுநாள் காலை குற்றாலத்துக்கோ சபரிமலைக்கோ ஏழு பேரும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு கிளம்புவது இந்த 28-ல்தான். அதே ஸ்டிக்கரில் 'முழு பாரம்' என்று வேறு எண் போட்டிருக்கும், பெரும்பாலும் பின் டயருக்குக் கூடுதலாக. அதைப் படிப்பவர் அபூர்வம்.

காற்று பார்க்க சரியான நேரம் காலை, வண்டி இரண்டு மூன்று கி.மீ.க்கு மேல் ஓடாத நிலையில். ராஜபாளையத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து பார்க்கலாம் என்றால், அந்த 12 கி.மீ.யிலேயே டயர் சூடாகியிருக்கும். சூட்டில் பார்க்க வேண்டி வந்தால் இறக்காதீர்கள். குறைவாகத் தெரிந்தால் மட்டும் ஏற்றுங்கள், ஆறிய பிறகு மறுபடி பாருங்கள். பங்கில் காற்று இலவசம்தான். ஆனால் எல்லா மீட்டரும் ஒரே மாதிரி காட்டாது, சொந்தமாக ஒரு கையடக்க மீட்டர் வைத்துக்கொண்டால் சந்தேகமே வேண்டாம். நைட்ரஜன் அடித்தால் இந்தப் பிரச்னை இல்லை என்பதும் பாதி விளம்பரம்தான். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். ஈரப்பதம் குறைவு என்பதைத் தாண்டி, வெப்பத்துக்கு ஏறி இறங்குவது அதுவும்தான்.

அலைன்மென்ட்: தேர்ச் சக்கரத்தில் இருந்து ஆரம்பிக்கலாம்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு வீல் அலைன்மென்ட்டை விளக்குவது சுலபம். தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது. சக்கரம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் போகும். ரத வீதி முனையில் திருப்ப, முட்டுக்கட்டை போட்டு சக்கரத்தைத் தரையோடு தேய்த்து நகர்த்த வேண்டும். எவ்வளவு எதிர்ப்பு, எவ்வளவு தேய்மானம் என்று கண்ணால் பார்க்கலாம்.

காரில் சக்கரம் போகிற திசையைப் பார்க்காமல் கொஞ்சம் விலகி நின்றால், ஓடும் நேரமெல்லாம் இந்தத் தேய்ப்புதான். மேலிருந்து பார்க்கும்போது முன் சக்கரங்கள் உள்ளே பார்க்கின்றனவா, வெளியே பார்க்கின்றனவா என்பதற்குப் பெயர் 'டோ'. ஒரு சக்கரம் அரை டிகிரி விலகினால் ஒவ்வொரு கி.மீ.க்கும் கிட்டத்தட்ட 9 மீட்டர் பக்கவாட்டில் தேய்கிறது. ராஜபாளையம் – மதுரை ஒரு பயணத்தில் முக்கால் கி.மீ. அளவுக்கு ரப்பர் தரையில் இழுபடுகிறது. டயரைக் கையால் தடவிப் பார்த்தால் ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் எதிர்ப்பக்கம் ரம்பப் பல் மாதிரியும் இருக்கும்.

ட்ராக்கில் முன் சக்கரங்களைக் கொஞ்சம் வெளியே பார்க்க வைப்பார்கள். வளைவில் கார் சட்டென்று மூக்கைத் திருப்பும். விலை என்னவென்றால், நேர்ச்சாலையில் கார் நிலையாக ஓடாது, பள்ளம் கண்ட பக்கமெல்லாம் இழுக்கும். இந்தச் சிக்கலைத் தாண்டத்தான் 2020-ல் மெர்சிடிஸ் அணி ஒரு தந்திரம் செய்தது. பார்சிலோனா சோதனை ஓட்டத்தில் ஹாமில்டன் நேர்ச்சாலையில் ஸ்டீயரிங்கைத் தன் பக்கம் இழுப்பதும், வளைவுக்கு முன் தள்ளுவதும் கேமராவில் தெரிந்தது. ஓடும்போதே டோ அளவை மாற்றும் அமைப்பு அது. 2021-ல் இருந்து அதற்குத் தடை. உலகத்தின் பணக்கார ரேஸ் அணிக்கே ட்ராக்கின் நேர்க்கோட்டுக்கு ஒரு செட்டிங், வளைவுக்கு வேறு செட்டிங் தேவைப்பட்டது என்பதைக் கவனியுங்கள். சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று ஊருக்கு ஊர் நெரிசலும் இடையில் நீண்ட நேர்ச்சாலையும் உள்ள நம்ம ரூட்டில், வெளியே பார்க்கும் டோ எந்த விதத்திலும் உதவாது.

அடுத்தது 'கேம்பர்'. முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருப்பது நெகட்டிவ் கேம்பர். வளைவில் கார் வெளிப்பக்கம் சாயும்போது, வெளிச் சக்கரம் நிமிர்ந்து தரையில் முழுசாகப் பதிய வேண்டும் என்பதற்காக ட்ராக் கார்களில் இரண்டரை, மூன்று டிகிரி வரை சாய்ப்பார்கள். சாலைக் காரில் பொதுவாக ஒரு டிகிரிக்குள்தான் இருக்கும். நேராக ஓடும் நேரமே அதிகம் என்பதால், மூன்று டிகிரி சாய்த்தால் டயரின் உள் ஓரம் மட்டுமே தேயும். அந்த உள் ஓரம் நின்று பார்த்தால் தெரியாது. வெளியே பளபளவென்று புது டயர் மாதிரி இருக்கும், உள்ளே நூல் தெரியும்.

உண்மையில் நம்ம சந்தையில் ஓடும் பல சின்ன கார்களில் கேம்பரை மாற்றவே வழி கிடையாது. கடையில் 'அலைன்மென்ட்' என்று செய்வது பெரும்பாலும் முன் சக்கர டோ மட்டும்தான். "கேம்பர் வேணும்" என்று அடம்பிடித்தால் அதற்கென்று தனி போல்ட் மாட்ட வேண்டும். சில இடங்களில் ஸ்ட்ரட்டில் போல்ட் நுழையும் துளையை ராவி அகலமாக்கிச் சாய்க்கிறார்கள். இதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். பள்ளத்தில் இறங்கும்போது முழு பாரத்தையும் பிடித்து நிற்பது அந்த போல்ட்டின் இறுக்கம்தான்.

ட்ராக்குக்குப் போகவே ஆசை என்றால்?

போகலாம். தெருவில் ஓட்டிக் காட்டுவதைவிட நூறு மடங்கு நல்லது. ஆனால் ராஜபாளையத்தில் இருந்து பக்கத்து ட்ராக் என்றால் கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே, கிட்டத்தட்ட 300 கி.மீ. பொறியியல் மாணவர்கள் தாங்களே செய்த ரேஸ் காரோடு போட்டிபோடும் ஃபார்முலா பாரத் நடக்கும் இடம் அது. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை இன்னும் தூரம். ஆக, ட்ராக் செட்டிங்கோடு இங்கிருந்து கிளம்பினால் 300 கி.மீ. நெடுஞ்சாலையை அந்த செட்டிங்கில்தான் ஓட்ட வேண்டும்.

அதனால் சாலை அளவில் காற்று அடித்துக்கொண்டு போங்கள். ட்ராக்கில் போய், டயர் ஆறிய பிறகு இறக்குங்கள். ஒவ்வொரு முறை ஓடி வந்ததும் அளந்து எழுதி வையுங்கள். இதில் ஆபத்தானது திரும்பி வரும் பயணம்தான். களைப்பு, இருட்டு, நண்பர்கள் வேறு காரில். டயரில் இருப்பது 27, உங்களுக்கு அது மறந்தே போயிருக்கும். கையோடு ஒரு 12 வோல்ட் காற்றடிக்கும் பம்ப் இருந்தால் அங்கேயே ஏற்றிவிட்டுக் கிளம்பலாம். டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கை நம்பியும் இருக்க வேண்டாம். சக்கரச் சுழற்சியை வைத்துக் கணிக்கும் வகை என்றால், குறைந்த காற்றில் 'ரீசெட்' அழுத்தியதும் அதையே சரியான அளவு என்று எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. இந்தியாவில் சாதாரண கார் இன்ஷூரன்ஸ் பாலிசி, ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குப் பொருந்தாது. பாலிசித் தாளில் 'பயன்பாட்டு வரம்பு' என்ற பகுதியில் எழுதியே இருக்கும். காரில் செய்த மாற்றங்களைச் சொல்லாமல் விட்டால் சாலை விபத்தின் கிளெய்மிலும் கேள்வி வரலாம்.

டயர் வெடித்தால் 'விதி' என்று சொல்ல முடியுமா?

மும்பை உயர் நீதிமன்றம் 2023-ல் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. 2010-ல் நடந்த ஒரு விபத்தில், டயர் வெடித்தது கடவுள் செயல், அதனால் இழப்பீடு தரத் தேவையில்லை என்று காப்பீட்டு நிறுவனம் வாதாடியது. டயர் வெடிப்பு கடவுள் செயல் அல்ல, மனித அலட்சியம் என்று நீதிமன்றம் அந்த மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அதிக வேகம், குறைந்த காற்று, கூடுதல் காற்று, பழைய டயர், வெப்பம் எனப் பல காரணங்கள் இருக்கலாம், கிளம்பும் முன் டயரைப் பார்ப்பது ஓட்டுபவரின் கடமை என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

இது நம்ம ரூட்டுக்கு ஏன் இப்போது முக்கியம்? திருமங்கலம் – ராஜபாளையம் இடையே நான்கு வழிச்சாலைத் திட்டம் வந்திருக்கிறது. கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் வழியாக 50, 60-ல் ஊர்ந்த வண்டிகள் இனி 90, 100-ல் நிற்காமல் ஓடும். இதே அனுபவம் மகாராஷ்டிராவில் நடந்தது. மும்பை – நாக்பூர் 701 கி.மீ. சம்ருத்தி விரைவுச்சாலையின் முதல் பகுதி 2022 டிசம்பர் 11-ல் திறக்கப்பட்டதும் டயர் வெடித்து விபத்துகள் தொடர்ந்தன. 2023-ல் போக்குவரத்துத் துறை நுழைவிடங்களிலேயே டயர்களைச் சோதித்து, தேய்ந்த டயர் வண்டிகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கியது. ரோடு நன்றாகப் போடப்பட்ட பிறகுதான் டயரின் குறை வெளியே வந்தது.

இங்கே சாலை முழுசாகத் திறந்த பிறகு சோதனை வைப்பதைவிட, திறக்கும் நாளிலேயே வைப்பது புத்திசாலித்தனம். அதற்கு நவீனக் கருவி எதுவும் தேவையில்லை. கார் டயரின் பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. பள்ளத்துக்குள்ளேயே அந்த உயரத்துக்கு ஒரு சின்ன ரப்பர் மேடு வார்த்திருப்பார்கள், டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் மாற்ற வேண்டியதுதான். பக்கச்சுவரில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டு 23-வது வாரம் தயாரானது. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும்போது கிலோமீட்டர் மீட்டரை நம்பி ஏமாறுகிறோம், இந்த எண்ணைப் பார்க்க மறந்துவிடுகிறோம். ஸ்டெப்னி டயரிலும் அதே எண் இருக்கும், அதையும் குனிந்து பாருங்கள்.